வீட்டிலிருந்தே நுரையீரல் பயிற்சி: போன் வழியாகச் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. கொரோனா சமயத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரமுடியாமல் போனபோது போனிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஊரடங்கு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. பஸ் படிக்கட்டு ஏறுவதற்குள் மூச்சு முட்டிப்போகும் ஒருவரை, வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வாருங்கள் என்று அத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நோயாளிகளைவிட அவர்களுடைய மகன், மகள், மருமகள்தான் இதை அதிகம் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

"நுரையீரல் மறுவாழ்வுன்னா என்னங்க? மூச்சுப் பயிற்சிதானே?"

மூச்சுப் பயிற்சி அதில் ஒரு சின்னப் பகுதி. பெரும்பகுதி காலுக்கும் கைக்கும் உண்டான வேலை: நடப்பது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சின்ன எடை தூக்குவது. நெஞ்சு நோய்க்குக் கால் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைக்கிறோம். நடக்காததால் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசை அதே பத்தடிக்கு முன்பைவிட அதிகக் காற்று கேட்கிறது. மூச்சு இன்னும் வாங்குகிறது, இன்னும் குறைவாக நடக்கிறோம். பயிற்சி இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது. கெட்டுப்போன நுரையீரல் இதனால் புதுசாகிவிடாது. ஆனால் அதே நுரையீரலை வைத்துக்கொண்டு குளியலறை வரைக்கும் போனவர் தெருமுனை வரைக்கும் போகலாம்.

வழக்கமாக 6 முதல் 12 வாரம். கூடவே இன்ஹேலரைச் சரியாக இழுப்பது, சளியை வெளியே கொண்டுவருவது, சாப்பாடு, மூச்சு முட்டும்போது வரும் பயத்தைச் சமாளிப்பது எல்லாம் சொல்லித்தருவோம். சி.ஓ.பி.டி. என்பது மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்று வெளியே வரச் சிரமப்படும் நாள்பட்ட நுரையீரல் நோய். அந்த நோயாளிகளுக்கு இது பலன் தருகிறதா என்று 65 ஆய்வுகளை, 3,822 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பிலிருந்து 2015இல் வந்தது. மூச்சிரைப்பு, களைப்பு, நடைத்தூரம், அன்றாட வாழ்க்கை எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெளிவாகவே தெரிந்தது.

"எங்கம்மா பீடி சிகரெட் தொட்டதே இல்ல. அவங்களுக்கு எதுக்கு இது?"

முப்பது வருடம் விறகடுப்பு ஊதியிருப்பார்கள். அந்தப் புகையும் நுரையீரலுக்குப் புகைதான். சி.ஓ.பி.டி. என்றால் சிகரெட் குடிக்கும் ஆண்களுக்கு வருவது என்ற எண்ணத்தாலேயே நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. 2016 கணக்குப்படி இந்தியாவில் 5.53 கோடிப் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது. 1990இல் இருந்ததைப்போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சி.ஓ.பி.டி. மட்டும் இல்லை. டி.பி. குணமான பிறகு தழும்பு விழுந்த நுரையீரல், சளி தேங்கும் மூச்சுக்குழாய் விரிவு, நுரையீரல் இறுகிப்போகும் ஐ.எல்.டி., பஞ்சாலையிலும் கல்குவாரியிலும் தூசி சுவாசித்து வந்த பாதிப்பு, கட்டுப்பாட்டுக்குள் வராத ஆஸ்துமா, கொரோனாவுக்குப் பிறகு நீடிக்கும் மூச்சிரைப்பு என எல்லாவற்றுக்கும் இந்தப் பயிற்சி உண்டு. எந்த அளவில், எந்த வேகத்தில் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

"வீட்லயே செஞ்சா ஆஸ்பத்திரியில செய்யற பலன் வருமா?"

வரும். இதை 2021 தொடக்கத்தில் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு ஆராய்ந்தது. 15 ஆய்வுகள், 1,904 பேர், அநேகமாக எல்லோரும் சி.ஓ.பி.டி. நோயாளிகள். போன், வீடியோ வழியாகச் செய்தவர்களுக்கும் நேரில் வந்து செய்தவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொரு எண்: தொலைவிலிருந்து செய்தவர்களில் 93 சதவீதம் பேர் கடைசிவரை முடித்தார்கள், நேரில் வந்தவர்களில் 70 சதவீதம். பாதியில் விட்டுப் போகிறவருக்கு எவ்வளவு நல்ல பயிற்சிக்கூடம் இருந்து என்ன? 2023இல் அமெரிக்க நெஞ்சு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியும், இரண்டில் எது வேண்டும் என்று நோயாளியையே தேர்ந்தெடுக்க விடச் சொல்லிவிட்டது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் பரிசோதனை நேரில்தான். இதயம் எப்படி இருக்கிறது, நடக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது, கீழே விழும் அபாயம் உண்டா என்பதையெல்லாம் ஒருமுறை ஆளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கு அப்புறம் வீடு.

"எங்கப்பாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு. அப்ப முடியாதுன்னு விட்டுடலாமா?"

விடவே கூடாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். "வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் பெயரை அடித்துவிடும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நானும் ஆரம்பத்தில் அதைச் செய்திருக்கிறேன். பயிற்சி அதிகமாகத் தேவைப்படும் வயதானவர்களும் கிராமத்து ஆட்களும்தான் அந்த ஒரு கேள்வியில் கழிந்துபோகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 166 சி.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. வீட்டுக் குழுவுக்குக் கிடைத்தது பிசியோ ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்ததும், அப்புறம் வாரம் ஒன்று வீதம் ஏழு போன் கால்களும்தான். வீடியோ கிடையாது, ஆப் கிடையாது. எட்டு வார முடிவில் நடைத்தூரத்தில் அவர்கள் ஆஸ்பத்திரிக் குழுவுக்குச் சளைக்கவில்லை.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பாட்டிக்கு இப்படித்தான் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் போனை ஜன்னல் திண்டில் வைத்துவிடுவார். நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் எண்ணிக்கையை அவரே உரக்கச் சொல்ல வேண்டும். "ஒண்ணு... ரெண்டு..." ஆறு வரை கணீரென்று வரும். ஏழில் குரலோடு காற்று கலக்கும். ஒன்பதுக்கு முன்னால் ஒரு இடைவெளி விழும். "பாட்டி, உட்காருங்க, உதட்டைக் குவிச்சு ஊதுங்க" என்பேன். மூன்றாவது வாரம் அந்த இடைவெளி பன்னிரண்டுக்குத் தள்ளிப்போனது. அதைக் கேட்க எனக்குக் கேமரா தேவைப்படவில்லை.

"என்னென்ன சாமான் வாங்கணும்?"

கைப்பிடி இல்லாத, வழுக்காத ஒரு நாற்காலி. அதைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். நடக்க வாசல், மொட்டை மாடி, வராந்தா எதுவானாலும் சரி. தரையில் ஈரமும் சுருண்ட பாயும் கிடக்கக் கூடாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. நடக்கும்போது ஆக்சிஜன் இறங்குகிறவர்களுக்கு அது கட்டாயம்.

டிரெட்மில், சைக்கிள் எதையும் வாங்க வேண்டாம். மூச்சை உள்ளே இழுத்தால் மூன்று பந்து ஏறும் அந்த மெஷினை முக்கால்வாசிப் பேர் ஏற்கனவே வாங்கி வைத்திருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் விரிய அதைக் கொடுப்பது வழக்கம். அது இருப்பது தப்பில்லை. ஆனால் பந்தைத் தூக்கிவிட்டால் நடையை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

"வீடியோ கால்ல என்னைச் சரியாத் தெரியலன்னு டாக்டரம்மா திட்றாங்க. போனை எங்க வைக்கிறது?"

பத்தில் ஏழு வீடுகளில் முதல் நாள் எனக்குத் தெரிவது சீலிங் ஃபேன்தான். போனைக் கையில் பிடிக்காதீர்கள், வேறு யாரையும் பிடிக்கச் சொல்லவும் வேண்டாம். கை ஆடும், பிடிப்பவருக்குப் பொறுமை போய்விடும். ஸ்டூல் மேல் அரிசி டப்பாவோ தண்ணீர்க் கேனோ வைத்து, போனை அதன்மேல் குறுக்குவாட்டில் சாய்த்துவிடுங்கள். அது உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். ஏழெட்டு அடி தள்ளி, நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்காருங்கள். தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் கருப்பு நிழலாகத்தான் தெரிவீர்கள். வெளிச்சம் போனுக்குப் பின்னாலிருந்து உங்கள் முகத்தில் விழட்டும்.

ஏன் பக்கவாட்டு? எழும்போது முன்னால் குனிகிறீர்களா, தோளைத் தூக்கி மூச்சு விடுகிறீர்களா, கையை ஊன்றுகிறீர்களா என்பது அந்தக் கோணத்தில்தான் தெரியும். டிவியை அணைத்துவிடுங்கள். மிக்ஸி ஓடும் நேரத்தில் நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது, உங்களுக்கு வீசிங் இருப்பது எனக்குக் கேட்காது.

"நடுவுல டவர் போயிட்டா?"

முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. லைன் போனால் அப்படியே நாற்காலியில் உட்காருங்கள். உதட்டைக் குவித்து ஊதியபடி இரண்டு நிமிடம் இருங்கள். நான் சாதாரணக் காலில் கூப்பிடுவேன். நெட் இழுத்துக்கொண்டு நின்றால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். பாட்டிக்கு முடிந்தது உங்களுக்கும் முடியும்.

"அந்த உதட்டைக் குவிச்சு ஊதறது எப்படின்னு ஒரு தடவை சொல்லுங்க."

வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெதுவாக இழுங்கள், மனதுக்குள் ஒன்று, இரண்டு. காப்பியை ஆற்ற ஊதுவோமே, அப்படி உதட்டைக் குவித்து மெல்ல விடுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கன்னம் உப்ப வேண்டாம், பலூன் ஊதுகிற வேகமும் வேண்டாம். சி.ஓ.பி.டி.யில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம். வேகமாக விட்டால் சின்னக் குழாய்கள் மூடிக்கொண்டு பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். குவித்த உதடு அவற்றைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கிறது.

இதை வேலையோடு சேருங்கள். சிரமமான அசைவு எதுவோ அப்போது ஊதுங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது, குடத்தைத் தூக்கும்போது, படி ஏறக் காலைத் தூக்கும்போது எல்லாம் ஊதுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவதுதான் பலர் தெரியாமலே செய்யும் தப்பு.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆப்ல எல்லாம் இங்கிலீஷ்ல வருதே?"

ஆப் வேண்டாம். தினசரிக் காலண்டரில் கிழித்த தேதித்தாள் வீட்டில் தினமும் ஒன்று மிஞ்சும். அதன் பின்பக்கம், ஒருமுறை எழுந்து உட்கார்ந்தால் ஒரு கோடு. நடந்து முடிந்ததும் ஒரு வட்டம். மூச்சு ரொம்ப வாங்கிய நாளில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. வாரக் கடைசியில் ஏழு தாளையும் பார்த்துப் போனில் சொன்னால் எனக்கு எல்லாம் விளங்கிவிடும். டச் போன் இருந்தால் வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திக் குரலாக அனுப்புங்கள். எழுதி அனுப்புவதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், ஒரு வாக்கியத்தை எத்தனை மூச்சில் சொல்கிறீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

"ஓ.டி.பி. திருப்பூர்ல இருக்கிற மகன் போனுக்குப் போகுது. அவன் வேலையில இருந்தா எடுக்க மாட்டான்."

டாக்டரை ஆன்லைனில் இலவசமாகப் பார்க்க மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. மருத்துவப் பதிவுகளுக்கான 14 இலக்க அடையாள எண்ணான ஆபா எண்ணும் இருக்கிறது. இரண்டிலும் மொபைல் எண்ணும் ஓ.டி.பி.யும் வந்துவிடும். பதிவு செய்துகொடுக்கும் பிள்ளைகள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பெரியவர் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எண் அங்கே பனியன் கம்பெனியில் ஒரு பைக்குள் கிடக்கும். எனக்கு இப்படிப் பல அமர்வுகள் வீணாகியிருக்கின்றன. வீட்டில் பகலில் எந்தப் போன் இருக்குமோ அந்த எண்ணைப் போடுங்கள். ஏற்கனவே போட்டிருந்தால் மகன் ஊருக்கு வரும்போது மாற்றிவிடச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஓ.டி.பி. தேவையே இல்லை. நேரடியாக வாட்ஸ்அப்பிலோ சாதாரணக் காலிலோ கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, பிசியோ என்றோ ஆஸ்பத்திரி என்றோ சொல்லிக்கொண்டு யாராவது கூப்பிட்டு "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றால் சொல்லாதீர்கள். கட் பண்ணிவிட்டு, உங்களிடம் இருக்கும் பழைய எண்ணில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

"மருமக வேலைக்குப் போனா போனும் அவகூடப் போயிடும். நான் எப்படிச் செய்யறது?"

இதைக் கேட்பவர்கள் அநேகமாகப் பெண்கள்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் மொபைல் போன் உள்ள பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம் என்று வந்தது. அதுவும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு. வீட்டில் போன் இருப்பது வேறு, அம்மா கையில் இருப்பது வேறு. நேரத்தை நீங்கள் சொல்லுங்கள். மருமகள் வந்து கைகால் கழுவி உட்காரும் ஆறரை மணிதான் முடியும் என்றால் ஆறரைக்கே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் நான் போனில் இருந்தால் போதும், மற்ற நாள் கோடும் வட்டமும் பார்த்துக்கொள்ளும்.

மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா வேலையும் முடித்து வந்த பிறகு இதற்கும் உட்காருகிறீர்கள். அந்த அரைமணி நேரம் வீட்டில் வேறு யாராவது அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் வீட்டு ஆண்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன்.

"மூச்சு வாங்கும்போதே நடக்கச் சொல்றீங்க. ஏதாவது ஆயிட்டா?"

நடந்தால் மூச்சு வாங்கும். பயிற்சியே அதுதான், அதனால் நுரையீரல் தேய்ந்துவிடாது. அளவுதான் முக்கியம். சும்மா இருக்கும்போது 0, இதற்குமேல் முடியவே முடியாது என்பது 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 3 அல்லது 4இல் இருக்க வேண்டும். எண் பிடிபடாவிட்டால் இப்படிப் பாருங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சே வரவில்லை என்றால் வேகம் அதிகம், நின்று ஊதுங்கள்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், குப்பென்று வியர்வை, உதடு நீலம், படபடப்பு அடங்காமை, உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் மூச்சு பழைய நிலைக்கு வராதது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். வலியோ நீலமோ குழப்பமான பேச்சோ என்றால் 108ஐக் கூப்பிட வேண்டும், என்னை அப்புறம் கூப்பிடலாம். முதல் அமர்வுக்கு முன்பே உங்கள் வீட்டு முகவரி, அடையாளம் சொல்ல ஒரு கோயிலோ கடையோ, பக்கத்து வீட்டுக்காரர் எண் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்வேன். தொலைவில் இருந்து பயிற்சி தருகிற யாராவது இதைக் கேட்கவில்லை என்றால், நீங்களே கொடுங்கள்.

"ஆக்சிமீட்டர்ல எவ்வளவுக்குக் கீழ போனா நிறுத்தணும்?"

பொதுவாக 88க்குக் கீழ் இறங்கினால் நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்வோம். ஆனால் உங்களுக்கான எண்ணை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும். ஐ.எல்.டி. உள்ளவர்களுக்கு நடக்க ஆரம்பித்த சில நிமிடத்திலேயே சடசடவென்று இறங்கும், அவர்கள் இடையிடையே பார்த்தாக வேண்டும்.

மாட்டியவுடன் வரும் முதல் எண்ணை நம்பாதீர்கள். கை அசையாமல், எண் ஓரிடத்தில் நிற்கும் வரை காத்திருங்கள். நகப்பூச்சோ கருத்த மருதாணியோ இருந்தால் அது இல்லாத விரலில் மாட்டுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நம் நிறத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கருத்த தோலில் இந்த மெஷின் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எண் 93 என்று சொல்லி, ஆள் திணறிக்கொண்டிருந்தால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

"அப்பா வீட்ல ஆக்சிஜன் மெஷின்ல இருக்கார். நடக்கும்போது கொஞ்சம் கூட்டி வெச்சுக்கலாமா?"

பயிற்சி செய்யலாம், ஆக்சிஜனோடுதான் செய்ய வேண்டும். கூட்டுவதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. சிலருக்கு அளவு மீறினால் உடம்பில் கரியமில வாயு தேங்கி, தூக்கக் கலக்கத்தில் ஆரம்பித்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அதனால்தான் அத்தகைய சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 போதும் என்று டாக்டர்கள் நிறுத்தி வைக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, நடக்கும்போது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

டியூப் காலில் சிக்கி விழுந்தவர்கள் உண்டு. நடக்கும் பக்கம் டியூப் வராதபடி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மெஷின் ஓடும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு, பீடி எதுவும் கூடாது. பூஜை அலமாரி அதே அறையில் இருக்கும் வீடுகளில் நான் இதைக் கறாராகச் சொல்வேன்.

"யூடியூப்ல நிறைய வீடியோ இருக்கு. பிராணாயாமமும் பண்றேன். அது போதாதா?"

யூடியூப் உங்களைப் பார்ப்பதில்லை. நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் ஆக்சிஜன் இறங்குவது அதற்குத் தெரியாது, நேற்று வந்த காய்ச்சலும் தெரியாது. இன்ஹேலரையே எடுத்துக்கொள்ளுங்கள். கேப்சூல் போட்டு இழுக்கும் இன்ஹேலர் வைத்திருந்த ஒருவர், ஒரு வருடமாகக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். "எனக்கு முன்னால் ஒருமுறை மருந்து எடுங்கள்" என்று கேமராவில் கேட்டதால்தான் அது வெளியே வந்தது.

பிராணாயாமத்தில் மெதுவாக இழுத்து மெதுவாக விடுவது நல்லது, செய்யுங்கள். மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகமும் வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் சி.ஓ.பி.டி.காரர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். பழைய காற்று உள்ளே தேங்குவது பற்றி மேலே சொன்னேனே, அதுதான் காரணம். எந்தப் பிராணாயாமமும் தொடைத் தசையை வளர்க்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

"வீடியோ கால்ல பார்க்கறாங்களே, அதைப் பதிவு செஞ்சு வெச்சுக்குவாங்களா?"

உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டு விதிமுறைகளிலேயே, தொலைவிலிருந்து பார்க்கும் டாக்டர் நோயாளியின் சம்மதத்தோடும் ரகசியம் காத்தும் நடக்க வேண்டும் என்று இருக்கிறது. "ரெக்கார்ட் ஆகுதா?" என்று முதல் நாளே கேளுங்கள். ஆகிறது என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, பயிற்சி அதனால் நிற்கக் கூடாது.

பெண்கள் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் கேமராவைத் திருப்பிவிடுவார்கள். தளர்வான சுடிதாரோ நைட்டிமேல் துண்டோ எதுவானாலும் போதும். நெஞ்சை நாங்கள் பார்க்கத் தேவையில்லை. பெண் பிசியோ வேண்டும் என்று கேட்பதிலும் கூச்சப்பட ஒன்றுமில்லை.

"அரசாங்கத்துல இது கிடைக்குதா?"

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. பக்கவாதம், மூட்டுவலிக்கு மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்து மூச்சிரைப்புக்காரர்கள் கேட்பதே இல்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104 உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். டாக்டர் சீட்டில் "நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தேவை" என்று எழுதி வாங்கிக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

"வீட்லயே அந்த ஆறு நிமிஷ நடை டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில வந்ததைவிடக் குறைஞ்சிருக்கு. மோசமாயிட்டேனா?"

இல்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று பார்க்கும் அந்தச் சோதனைக்கு 30 மீட்டர் நேரான பாதை வேண்டும். வீட்டு வராந்தாவில் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிக்கொண்டே இருந்தால் தூரம் குறையத்தான் செய்யும். ஆஸ்பத்திரி எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். வீட்டில் எடுக்க வசதியானது ஒரு நிமிட எழுந்து-உட்காரும் சோதனை. கையை ஊன்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். அதே நாற்காலியில், இன்ஹேலர் எடுத்து அதே அளவு நேரம் கழித்து, மாதம் ஒருமுறை எடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி எண்ணிலும் சின்ன ஏற்ற இறக்கத்துக்குக் கலங்க வேண்டாம். 30 மீட்டர் அளவுக்கு மாறினால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்று கணக்கு.

"டி.பி. மருந்து முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. நேத்து சளியில லேசா ரத்தம். இன்னைக்குப் பயிற்சி செய்யலாமா?"

வேண்டாம். இன்றே டாக்டரைப் பாருங்கள், தேவைப்பட்டால் சளிப் பரிசோதனையைத் திரும்பச் செய்வார்கள். பழைய தழும்பிலிருந்தும் ரத்தம் வரலாம், டி.பி. திரும்பியும் இருக்கலாம். போனில் அதைச் சொல்ல முடியாது. ரத்தம் அதிகமாக வந்தால் 108. காய்ச்சல், சளி மஞ்சள் பச்சையாக மாறுவது, வழக்கத்தைவிட இன்ஹேலர் அதிகம் தேவைப்படுவது இவற்றுக்கும் இதே பதில்தான்: அன்றைக்குப் பயிற்சி இல்லை, டாக்டர்.

"எட்டு வாரம் முடிஞ்சிருச்சு. இனிமே விட்டுடலாமா? நடுவுல கல்யாணம், காதுகுத்துன்னு ஊருக்குப் போனா?"

மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வீட்டில் செய்தவர்களுக்கும் சரி, ஆஸ்பத்திரியில் செய்தவர்களுக்கும் சரி, கிடைத்த பலன் தங்கவில்லை. தசை அப்படித்தான், வேலை கொடுக்காவிட்டால் கரைந்துவிடும். எட்டு வாரம் முடிந்ததும் வாராந்தரக் காலை மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்வேன். காலண்டர்த் தாள் மட்டும் தொடர வேண்டும். அக்கம்பக்கத்தில் இதே தொந்தரவு உள்ளவர் இருந்தால் இருவரையும் சேர்த்து நடக்கச் சொல்வேன், ஒருவர் கதவைத் தட்டினால் மற்றவரால் படுத்துக்கொண்டிருக்க முடியாது.

ஊருக்குப் போனால் இன்ஹேலரும் ஆக்சிமீட்டரும் பையில் இருக்கட்டும். சமையல் கொட்டகைப் புகைப் பக்கம் உட்காராதீர்கள். ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காமல் பாதி எண்ணிக்கையில் ஆரம்பியுங்கள். பத்து தடவை எழுந்தவர் ஐந்து, இருபது நிமிடம் நடந்தவர் பத்து. இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வட்டத்துக்குள் புள்ளி விழாத வரை பழைய அளவுக்குப் போகலாம்.